மூடியில் எழுதிய ஊர்

வெள்ளை பிளாஸ்டிக் பேசினில் இருபத்திரண்டு குஞ்சுகள் இருந்தன. மூன்று முறை எண்ணினேன். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தின் நீளம்தான். கழுத்தின் இரு பக்கமும் இறகு செருகியது போல வெளியே நீட்டிக்கொண்டிருந்த செவுள்கள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மாடித் தகரத்திலிருந்து சொட்டிய ஒவ்வொரு துளிக்கும் அத்தனையும் ஒரே நேரத்தில் துள்ளி அடங்கின.

"மூச்ச அடக்கிக்கினு பாக்குறீங்களே. விடுங்கக்கா, அதுங்க ஒண்ணும் பயந்துக்காது," என்றார் சலீம் பாய்.

சலீம் பாய் மந்தாரக்குப்பத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார். என்னைவிட வயதில் இளையவர். கடைக்கு மேலே மொட்டை மாடியில் தானே கட்டிய சிமெண்ட் தொட்டியில் ஒரு ஆணும் பெண்ணுமாகப் பிச்சிர் மீன்களை வைத்திருந்தார். இந்த வருடத்தின் முதல் மழைத் தண்ணீர் தொட்டியில் இறங்கியதும் அவை முட்டை போட்டன. ஆண் அவருடையது. பெண்ணைக் கொடுத்தவள் நான்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையையும் பேனாவையும் எடுத்தார்.

"இதுல உங்க கையால ஃபரானான்னு ஊர்ப் பேரு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. நான் எழுதுனா ஒருத்தனும் நம்ப மாட்டான். நீங்க எழுதுனா மறுபேச்சு கிடையாது."

பேனாவை வாங்கிவிட்டேன். அட்டை ஈரமாக இருந்தது. முதல் எழுத்திலேயே மை பரவியது. அலங்கோலமான லேபிளில் கையெழுத்துப் போடுவது என் வழக்கமில்லை.

"நாளைக்கு வீட்ல இருந்தே நல்லா எழுதி எடுத்துட்டு வரேன் பாய்," என்றேன்.

அந்த ஈர அட்டை மட்டும் காய்ந்திருந்தால் இந்த வாரத் தொடரில் எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

காற்றுக்காக மேலே வரும் மீன்

என் வீட்டுக் கூடத்தில் மீன்தொட்டிகள் இருப்பதை இந்தத் தொடரில் முன்பு ஓரிரு வரியில் சொல்லியிருக்கிறேன். என்ன மீன் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பிச்சிர் என்று பெயர். ஆப்பிரிக்க ஆறுகளில் வாழ்வது. கடையில் 'டைனோசர் மீன்' என்று சொல்லித்தான் விற்பார்கள்.

பாம்பு போல நீண்ட உடல். கடினமான, பளபளப்பான செதில்கள். முன் துடுப்புகளை ஊன்றித் தரையில் நடப்பது போல நகரும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. சற்றைக்கொரு தரம் மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு போகும். தொட்டிக்கு மூடி கட்டாயம் வேண்டும். ஒரு விரல் இடைவெளி கிடைத்தாலும் ஏறி வெளியே வந்துவிடும். அப்படி ஒரு முறை சோபாவுக்கு அடியில், தலையில் ஒட்டடையோடு உயிருடன் கிடைத்தது. என் கணவர் சேகர் அன்றிலிருந்து சோபாவில் உட்காரும்முன் குனிந்து பார்ப்பார். "உங்க வீட்டு ஆளு யாராச்சும் கீழ இருக்காங்களான்னு பாக்குறேன்," என்பார்.

முதுகில் மற்ற மீன்களுக்கு இருப்பது போல ஒரே துடுப்பு கிடையாது. வரிசையாகச் சின்னச் சின்னத் துடுப்புகள், ஒவ்வொன்றும் ஒரு முள்ளில் கட்டிய கொடி மாதிரி. சும்மா கிடக்கும்போது அவற்றை மடித்து வைத்துக்கொள்ளும். எண்ண வேண்டுமானால் இறால் துண்டைக் காட்ட வேண்டும். ஆசையில் எல்லாக் கொடிகளையும் தூக்கும். அந்த நேரத்தில் எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஒரே ஆறு

பிச்சிரில் பல இனங்கள். எங்களைப் போன்றவர்கள் 'எண்ட்லி' என்று செல்லமாகக் கூப்பிடும் இனத்துக்கு முதுகிலிருந்து விலாவுக்கு இறங்கும் கறுப்புப் பட்டைகள் இருக்கும், குதிரைக்குச் சேணம் போட்டது போல. கீழ்த்தாடை நீண்டதா, மேல்தாடை நீண்டதா, பக்கவாட்டில் எத்தனை செதில்கள் என்றெல்லாம் பார்த்து ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரித்துவிடலாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒரே இனத்துக்குள் எந்த ஊர் மீன் என்று பிரிப்பது. நைஜர் ஆற்றின் மேல்பகுதியில் ஃபரானா என்று ஓர் ஊர். அங்கே பிடித்த எண்ட்லிக்குப் பட்டைகள் அகலமாக, அடர்ந்த கறுப்பில் இருக்கும் என்பார்கள். அதே ஆறு பல நாடுகளைத் தாண்டி நைஜீரியாவுக்குள் போகிறது. அங்கே பிடித்தவற்றுக்குப் பட்டைகள் உடைந்து, புள்ளிகள் கலந்து, சாம்பல் பூத்திருக்கும் என்பார்கள்.

'என்பார்கள்' என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றேதான். கறுப்பு மணலில் வைத்த மீன் கறுக்கும். வெள்ளைத் தரையில் வைத்தால் வெளுக்கும். பயந்தாலும் வெளுக்கும். வளர வளரப் பட்டைகள் மாறும். ஆகவே மீனின் ஊருக்கு உண்மையான சான்று, அது வந்து இறங்கிய பையில் எழுதியிருக்கும் பெயர்தான். அந்தப் பெயர் தொலைந்தால் ஊரும் தொலைந்தது.

எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பிலும் இந்த ஆட்டம் உண்டு. எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள். யார் எந்த ஊர் என்று பேச்சிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று பிளாக்குக்கு ஒருவர் சவால் விடுவார். நான் இங்கேயே பிறந்தவள். அப்பாவின் ஊரான திருநெல்வேலிக்குப் போனால் "மெட்ராஸா?" என்று கேட்கிறார்கள். மெட்ராஸுக்குப் போனால் "சேலமா?" என்கிறார்கள். எல்லோரும் நிச்சயமாகத்தான் கேட்கிறார்கள்.

அந்த நிச்சயம் எனக்கும் இருந்தது. பிச்சிர் வளர்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. யாராவது படம் போட்டு எந்த ஊர் என்று கேட்டால், நான் கொடிகளை எண்ணி, செதில் எண்ணி, பட்டைகளை அளந்து பதில் எழுதுவேன். மேடம் சொன்னால் சரியாக இருக்கும் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

சலீம் பாய்க்கு அந்தக் குழுவில் இடம் இல்லை. சில வருடங்களுக்கு முன் மொத்த வியாபாரி சொன்னதை நம்பி, ஓர் ஊரின் பெயரில் வேறு ஊர் மீன்களை விற்றுவிட்டார். அவருக்கும் தெரியாது. ஆனால் ஏமாற்றுக்காரர் என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு பிச்சிர் வளர்ப்பவர்கள் யாரும் அவர் கடைப் படி ஏறவில்லை. தன் கையால் வளர்த்த ஜோடி, தன் மாடியில் பொரித்த குஞ்சு, சந்தேகமே இல்லாத ஃபரானா. இதைக் காட்டித்தான் அவர் மறுபடி உள்ளே போக வேண்டும். ஆறு பேர் குஞ்சு கேட்டுப் பதிவு செய்திருந்தார்கள், என் பேச்சை நம்பி.

அஞ்சலையின் கேள்வி

மறுநாள் காலை லேப்பில் இருந்தேன். சுரங்கத்திலிருந்து வரும் பழுப்பு நிலக்கரியின் ஈரத்தையும் சாம்பலையும் சோதித்துச் சொல்வது எங்கள் வேலை. மாதிரிகள் டப்பாக்களில் வரும். எந்தப் பகுதி, எந்த அடுக்கு என்று டப்பாவில் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டு இல்லாத மாதிரியைத் தொடக் கூடாது. பார்த்த மாத்திரத்தில் எந்த அடுக்கு என்று சொல்லிவிடும் அனுபவம் இருந்தாலும் கூடாது. நேராகக் குப்பைமேட்டுக்குத்தான். நான் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொண்ட விதி அது.

மாதிரிகளை அரைத்துச் சலிக்கும் அறையில் அஞ்சலை வேலை செய்கிறாள். பக்கத்து ஊர் வளையமாதேவிக்காரி. கான்ட்ராக்டில் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். நான் போனபோது ஆறு டப்பாக்களை வரிசையாக வைத்து, மூடிகளின் மேல் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சலை, எத்தனை தடவை சொல்றது? மூடியில ஒட்டாத. டப்பாவோட உடம்புல ஒட்டு."

"மூடியில ஒட்டுனா என்னாங்க மேடம்? மேலாக்க இருந்தா படிக்க சுளுவா இருக்குது."

"மூடியைத் திறந்தா?"

"தெறந்தா மறுபடி அதும் மேலதான வெக்கப் போறோம். மூடி என்னா எழுந்து நடந்தா போவப் போவுது?"

சலிக்கும் அறையிலிருந்த மற்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கோபத்தில் ஏதோ கடுமையாகச் சொன்னேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூன்று மூடிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்த ஒரு வராந்தா நினைவுக்கு வந்தது.

ஒன்பதாம் பிளாக்கிலிருந்து

நாலு வருடங்களுக்கு முன் எங்களுக்குக் கொஞ்சம் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஒன்பதாம் பிளாக்கிலிருந்து இருபத்தோராம் பிளாக்குக்கு மாறினோம். மாறுவதற்கு மூன்று வாரம் முன்புதான் சலீம் பாயிடம் இரண்டு எண்ட்லிக் குட்டிகள் வாங்கியிருந்தேன். உள்ளங்கை நீளம். இரண்டும் பெண். ஒன்று ஃபரானா, மற்றது நைஜீரியா. இரண்டையும் வெவ்வேறு தொட்டியில் வைத்து நாட்குறிப்பில் பக்கம் போட்டிருந்தேன்.

மாறும் நாளில் இரண்டு குட்டிக்கும் ஆளுக்கொரு பக்கெட். மூன்றாவது பக்கெட்டில் மற்ற சின்ன மீன்கள். ஓட்டை போட்ட மூடிகளை அழுத்தி மூடி, மேலிருந்தே படிக்க வசதியாக மூடியின் மேல் பெயர் எழுதினேன். நான்தான் எழுதினேன். முதல் நடையில் சேகர் பக்கெட்டுகளோடு போனார். நான் இரண்டாவது நடையில் பாத்திரங்களோடு போய்ச் சேர்ந்தபோது மூடிகள் வராந்தாவில் அடுக்கியிருந்தன. பக்கெட்டுகள் மேல் ஈரச் சாக்கு.

"இதைத் திறந்தது யாருங்க?"

"நான்தான். இது காத்துக் குடிக்கிற மீன்னு நீதான சொன்ன? அந்தச் சின்ன ஓட்டையில பாவம், மூச்சு முட்டுமேன்னு தொறந்துட்டேன். வெளிய வந்துடாம சாக்கும் போட்டிருக்கேன் பாரு."

அக்கறையில் செய்தவரை என்ன சொல்ல? சின்ன மீன் பக்கெட் எது என்று பார்த்ததும் தெரிந்தது. மற்ற இரண்டில்?

"எது எதுன்னு குழம்பிடுமோ?" என்று அவரே கேட்டார்.

"பார்த்தாலே தெரியும்," என்றேன்.

குனிந்து பார்த்தேன். ஒன்றின் பட்டைகள் நல்ல கறுப்பு. மற்றது சாம்பல். கறுப்பு ஃபரானா. வேலை முடிந்தது.

திருத்திய எண்

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அலமாரிக்குப் போனேன். பதினான்கு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். தவறு நேர்ந்தால் எழுதியதன் மேல் எழுத மாட்டேன். படிக்கும்படி ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இடுவேன். லேப் பழக்கம். இத்தனை வருட நோட்டுகளில் ஓரிடத்தில்தான் அதை மீறியிருக்கிறேன். அது எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை.

ஃபரானா, முதுகுக் கொடிகள் 12. நைஜீரியா, 13.

ஃபரானாவின் 2 மற்ற எண்களைவிடத் தடித்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதற்கு அடியில் ஒரு 3 இருந்தது. நைஜீரியாவின் 3-க்கு அடியில் ஒரு 2.

எல்லாம் நினைவிருந்தது. வீடு மாறி நாலு நாள் கழித்து இறால் காட்டி எண்ணினேன். கறுத்த மீனுக்குப் பன்னிரண்டு, வெளுத்த மீனுக்குப் பதிமூன்று. பழைய பக்கத்தில் தலைகீழாக இருந்தது. குட்டி மீன், மடித்து வைத்திருக்கும்போது எண்ணியிருப்பேன், இரண்டிலும் தவறியிருப்பேன் என்று முடிவு செய்தேன். கண் சரி, எண்தான் தவறு. அடித்து எழுதினால் ஏன் அடித்தேன் என்று எழுத வேண்டும். மூடி கழன்றதை எழுத வேண்டும். ஆகவே பேனாவை அழுத்தி 3-ஐ 2 ஆக்கினேன்.

நைஜீரியா குட்டி ஒன்பதாம் பிளாக்கில் கறுப்பு மணலில் இருந்தது. அதனால் கறுத்திருந்தது. ஃபரானா வழியெல்லாம் பயந்து வெளுத்திருந்தது. இவ்வளவுதான். இதையே குழுவில் மற்றவர்களுக்கு எத்தனை முறை எழுதியிருக்கிறேன்.

பிறகு வந்த வருடங்களில் கறுத்த மீனை ஃபரானா என்றே வளர்த்தேன். பெரியதானதும் சலீம் பாயின் ஆணுக்கு ஜோடியாகக் கொடுத்தேன்.

கூடத்துத் தொட்டியில் நான் நைஜீரியா என்று கூப்பிட்ட மீன் மேலே வந்து ஒரு வாய் காற்று இழுத்துவிட்டுக் கீழே போனது.

பையின் மேல் ஓர் எழுத்து

மறுநாள் விடிந்ததும், மாடியில் லேபிளுக்காகக் காத்திருந்த சலீம் பாயிடம் நாட்குறிப்பைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுக்கச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார்.

"என்னாக்கா, காலங்காத்தால வெளாட்டு?"

பிறகு சிரிப்பு நின்றது.

"ஒருவேள மொதல்ல எண்ணுனதுதான் தப்போ? உங்களுக்கும் சந்தேகம்தான?"

"நீங்க எனக்கு வித்த அன்னிக்குப் பையோட ஒரு படம் எடுத்தீங்களே. கடைக்கு வெளிய, வெயில்ல."

போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். கல்யாணங்கள், பெருநாள் சட்டைகள், செத்துப்போன ஒரு பூனை, நூறு நூறு மீன்கள். நாலு வருடம் பின்னால் போக வெகுநேரம் பிடித்தது. கடைசியில் வந்தது. இரண்டு பைகள். ஒன்றின் மேல் மார்க்கரில் 'எஃப்'. உள்ளே இருந்த மீன் இறால் கேட்பது போல எல்லாக் கொடிகளையும் தூக்கி வைத்திருந்தது.

விரலால் பெரிதாக்கினார். இருவரும் சேர்ந்தே எண்ணினோம், அவர் வாய்விட்டு, நான் மனசுக்குள். பதிமூன்றில் நின்றார். மறுபடி வாலிலிருந்து தலைக்கு எண்ணினார். பதிமூன்று.

எழுந்து போய் சிமெண்ட் தொட்டியில் ஒரு இறாலைப் போட்டார். பெண் மீன் கொடிகளைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதை எண்ணத் தேவையே இல்லை. ஆனாலும் எண்ணினார். பன்னிரண்டு.

"நீங்க சொல்லாமலே வுட்டிருக்கலாம்," என்றார், முகத்தைத் திருப்பாமல். "அந்த மீனுக்கே தெரியாது அது எந்த ஊருன்னு. வாங்குறவனுக்கும் தெரியாது. இப்ப என்னா சொல்லுவானுங்க? சலீம் மறுபடியும் வேலையக் காட்டிட்டான்னுதான் சொல்லுவானுங்க."

"நான் குழுவுல எழுதறேன் பாய். என் தப்புன்னு."

"உங்க பேரு கெட்டா எனக்கு என்னா வருது?"

பேசினில் குஞ்சுகள் பசியில் ஒன்றின் செவுளை ஒன்று கடிக்கத் தொடங்கியிருந்தன. அவர் தீனி கலக்கப் போய்விட்டார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினேன்.

'வீடு மாறும்போது பெயரைப் பக்கெட்டில் எழுதாமல் மூடியில் எழுதினேன். மூடிகள் கழன்றன. பார்த்தே பிரித்தேன். எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்றதும் எண்ணிக்கையைத் திருத்தினேன். சலீம் பாய் என் சொல்லை நம்பினார். இன்று தன் பழைய படத்தைத் தேடி எடுத்து உண்மையை உறுதி செய்தவரும் அவர்தான். குஞ்சுகளின் தந்தை ஃபரானா, தாய் நைஜீரியா. நான் இதுவரை உங்களுக்குச் சொன்ன ஊர்களையும் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.'

திருத்திய பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன்.

பிறகு

மாலை வரை ஒருவரும் எழுதவில்லை. பிறகு வந்தவற்றில் முதலாவது, கலப்புக் குஞ்சுகளைக் கொன்றுவிட வேண்டும் என்றது. ஆறு பேரில் நாலு பேர் விலகிக்கொண்டார்கள். நான் முன்பு சொன்ன பதில்களை ஒருவர் தோண்டியெடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். பாதிக்கு 'தெரியாது' என்று எழுத வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள், குழுவில் அதிகம் பேசாத ஒருவர் ஒரே ஒரு வரி எழுதினார். 'என் வீட்டிலும் மூடிகள் மாறியிருக்கின்றன. நான் சொன்னதில்லை.' அதற்குக் கீழே இன்னொருவர் 'இங்கேயும்' என்றார். கொல்லச் சொன்னவர் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

சலீம் பாய் ஒரு குஞ்சையும் கொல்லவில்லை. இரண்டு ஊரின் பெயரையும் எழுதிய அட்டையை என்னிடமே வாங்கி, கடையில் தொட்டியின் கண்ணாடியிலேயே ஒட்டினார். அட்டை இந்த முறை காய்ந்திருந்தது.

லேப்பில் அஞ்சலையிடம் நடந்ததைச் சொன்னேன், மற்ற இரண்டு பெண்களும் கேட்கும்படி. அவர்கள் முன்னால்தானே திட்டினேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அவள் சலிப்பதை நிறுத்திவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப மூடி நெசமாவே நடந்துதான் போயிருக்குது!" என்றாள். சிரித்து முடித்ததும், "அந்த மீனு இத்தினி வருசமா உங்க வூட்டுலயே வேற பேர்ல இருந்திச்சாங்க மேடம்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் மறுபடி சலிக்க ஆரம்பித்தாள்.

நாட்குறிப்பில் அந்த இரண்டு எண்களையும் ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமிட்டேன். காரணத்துக்கு ஓரம் போதவில்லை. தனித் தாளில் எழுதி ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சலீம் பாய் மொபெட்டில் ஒரு பக்கெட்டோடு வந்தார். உண்மையான ஃபரானாவை அவருடைய ஆணுக்கு ஜோடியாகக் கொடுக்கிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். முட்டைக்கு அடுத்த வருட மழைவரை காத்திருக்க வேண்டும். அவர் கோபம் தீர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. சேகர் கொடுத்த டீயைக் குடித்தார். "அண்ணே, இந்தத் தடவ நான் போய்ச் சேர்ற வரைக்கும் மூடிகிட்ட வந்துடாதீங்க," என்றார். சேகர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

மீன் பக்கெட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி அடங்கியது. மார்க்கரை எடுத்து, பக்கெட்டின் உடம்பில், கைப்பிடிக்குக் கீழே, அழியாதபடி இரண்டு முறை எழுதினேன். ஃபரானா. பெண். 13. சலீம் பாய் மார்க்கரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் கயிறு எடுக்க உள்ளே போனேன்.

பதினொரு நாள் கழித்து, குழுவை நடத்துபவர் விளக்கம் எதுவும் இல்லாமல் அவரை மறுபடி சேர்த்தார். அன்று சலீம் பாய் போட்ட முதல் பதிவில் சொல் எதுவும் கிடையாது. ஒரு படம் மட்டும். எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பக்கெட். அதன் உடம்பில் என் கையெழுத்து. மேலே மூடியில், அவருடைய கோணல் எழுத்தில், கொட்டையாக: 'மூடி'.